தங்கூசியும் தொடுவானமும்

சென்னை நொச்சிக்குப்பத்தில் கண்ணுக்கு எப்போதும் இரண்டு வேலை. ஒன்று மடியில். வலையில் அறுந்த கண்ணியைத் தேடிப் பிடித்து, ஊசியில் நூலை ஓட்டி, முடிச்சுப் போடுவது. இன்னொன்று கடலில். தண்ணி நிறம் மாறியிருக்கிறதா, பறவைக் கூட்டம் எங்கே இறங்குகிறது, அதோ திரும்புகிற போட் யாருடையது என்று பார்ப்பது. மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை கட்டுகிறவர் இரண்டையும் சேர்த்தே செய்வார். குனிந்து நாலு முடிச்சு, நிமிர்ந்து ஒரு பார்வை, மறுபடியும் நாலு முடிச்சு. மடியிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து மடிக்கும் கண் தாவுவது அவருக்கே தெரியாது. எனக்கும் நாற்பது வயது வரைக்கும் தெரியவில்லை. அந்தத் தாவல் இப்போது என்னிடம் இல்லை. பழைய நாட்களில் எது திரும்பக் கிடைத்தால் தேவலை என்று யாராவது கேட்டால், வேறு எதையும் சொல்லமாட்டேன், அதைத்தான் கேட்பேன்.

எங்கள் நைனா கட்டுமரத்தில் போனவர். கட்டுமரத்தில் நிற்கிற ஆளுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கும் வெளியே போய்விட்டால் கரையின் மணலும் குடிசையும் மறைந்து, உயரமானவை மட்டும்தான் தலை காட்டும். அப்போது சாந்தோம் மாதா கோயில் கோபுரம்தான் துணை. 1896இல் கட்டி முடித்த, 155 அடி உயர வெள்ளைக் கோபுரம். அதற்குப் பின்னால் உள்ளே தள்ளிப் பரங்கிமலை. கோபுரமும் மலையும் ஒன்றன் மேல் ஒன்று வருகிற மாதிரி மரத்தை நகர்த்தி, வடக்கே இன்னொரு ஜோடி அடையாளத்தையும் அதே மாதிரி ஒத்துப் பார்த்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கடலுக்கு அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும். பார் இருந்தால் மீன் இருக்கும். காகிதம், பென்சில் எதுவும் கிடையாது. கண்ணால் பிடித்து மனசில் வைத்துக்கொள்வதுதான் கணக்கு. மெரினா கலங்கரை விளக்கம் 1977இல் வந்தது. ஏறக்குறைய என் வயது அதற்கு. அது வந்த பிறகு ராத்திரி திரும்புவது சுலபமானது என்று நைனா சொல்வார்.

அதே மனுசன் கரையேறி வந்து சாயங்காலம் வலை கட்ட உட்காருவார். அவர் வாலிபத்தில் பருத்தி நூல், பிறகு நைலான், கடைசியில் தங்கூசி. தங்கூசிக்கு நிறமே கிடையாது. மீன் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். மனுசன் கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. வலையைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தில் எந்தக் கண்ணி கிழிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே இறக்கி, மடியில் வைத்து முடிச்சுப் போட வேண்டும். விரல் நழுவினால் மறுபடி தேட வேண்டியதுதான். சின்ன வயதில் நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பேன். ஊசி காலியாவதற்கு முன்னால் அடுத்த ஊசி கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

நான் கடலுக்குப் போகவில்லை. படிக்க வைத்தார்கள், படித்தேன். மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் தொழிலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து வலை கட்டுவது மட்டும் விட்டுப்போகவில்லை. குட்டு உடைந்ததும் அங்கேதான்.

"இன்னாடா, ஊசிய அவ்ளோ தூரமா வச்சுகினு மொறைக்குற?"

"வெயிலு கூசுதுண்ணே."

"வெயிலா? எனக்கும் அதே வெயிலுதான் அடிச்சிச்சு, நாலு வருசம் முன்னாடி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார் அண்ணன். ரங்கநாதன் தெருவில் வாங்கிய ரெடிமேட் கண்ணாடி. பவர் எவ்வளவு என்று கேட்டேன். ஸ்டிக்கர் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதைப் படிக்க என்னால் முடியவில்லை, கழற்றினால் அவராலும் முடியவில்லை.

வெள்ளெழுத்து வராத ஆள் உலகத்தில் கிடையாது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பிறந்ததிலிருந்து அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளர வளர இறுகுகிறது. கிட்டத்தில் பார்க்க அது உப்பிக் கொடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு முன்னால் எட்டு சென்டிமீட்டரில் வைத்த எழுத்தைக்கூடப் படித்துவிடும். நாற்பத்தைந்து வயதில் அந்த எல்லை ஏறக்குறைய ஒரு முழங்கைத் தூரத்துக்குப் போய்விடுகிறது. லென்ஸ் இறுகுவது நாற்பதில் ஆரம்பிப்பதல்ல, பிறந்த நாளிலிருந்தே நடப்பதுதான். கையிருப்பு நிறைய இருக்கிற வரைக்கும் செலவு கணக்கில் தெரிவதில்லை. கணக்கு எழுதுகிற எனக்கு இது புரியாத விஷயமில்லை.

கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பார்கள். வலை தெரியும், கடல் போய்விடும். நிமிர்ந்தால் நீலமாக ஒரு கலக்கல். கழற்றினால் கடல் வரும், வலை போய்விடும். இந்தத் தொல்லை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், இரண்டு வகைக் கண்ணாடியையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகப் பொருத்திக்கொண்டதைச் சொல்கிறார். சாப்பாட்டு மேசையில் தட்டும் தெரிய வேண்டும், எதிரில் பிரெஞ்சில் பேசுகிறவரின் முகமும் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. நடுவில் கோடு தெரிகிற நம் ஊர் பைஃபோகல் எல்லாம் அந்த வம்சம்தான். கோடு இல்லாத புரொகிரசிவ் கண்ணாடியை 1959இல் பிரான்சில் வெரிலக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள்.

அதையும் போட்டுப் பார்த்தேன். ஆபீசில் குறையில்லை. குப்பத்தில் காலுக்குக் கீழேதான் வினை. புரொகிரசிவ் கண்ணாடியில் கீழ்ப்பக்கம் கிட்டப்பார்வைக்கு. குனிந்து பார்க்கிறபோது கால் வைக்கிற இடம் கலங்கும். எங்கள் கரையில் நேராக நடக்க வழி ஏது? நங்கூரக் கயிறு, கவிழ்த்த ஐஸ்பெட்டி, காயப் போட்ட வலை, தள்ளி நிறுத்திய போட் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். போதாததற்கு உப்புக்காற்று. துடைத்து மாட்டிய கண்ணாடி, சற்று நேரத்தில் மறுபடி புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் கான்டாக்ட் லென்ஸ் பக்கம் போனேன். லஸ் பக்கத்தில் ஒரு கடை. கண் பரிசோதித்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன முக்கோணம் விடச் சொன்னார். அதன் வழியாகத் தூரத்தில் இருக்கிற ஒரு எழுத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். ஒரு கண்ணை மூடினால் எழுத்து அப்படியே இருந்தது. மற்றதை மூடினால் எழுத்து முக்கோணத்தை விட்டு ஓடிவிட்டது.

"வலதுதான் சார் உங்களுக்கு லீடிங் கண்ணு. தூரத்துக்கு அதைக் கொஞ்சம் அதிகமா நம்புவீங்க."

பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்துத் தயங்கினார். "சார், உங்க தூரப்பார்வை சுத்தமா இருக்கு. மைனஸ் பவர் கூட இல்ல. இப்படி இருக்கறவங்களுக்குத்தான் மல்டிஃபோகல் லென்ஸ் செட் ஆகறது கஷ்டம். கிட்டத்துல கிடைக்கணும்னா தூரத்துல கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

சின்ன வயதிலிருந்து சோடாபுட்டி போட்டவருக்கு இந்த லென்ஸ் எதைக் கொடுத்தாலும் லாபம். தூரம் தெளிவாகத் தெரிகிறவருக்குத்தான் கையிலிருந்து போகிறது. கடற்கரைக்காரனிடம் போய்த் தூரத்தை விட்டுக்கொடு என்றால் எப்படி? ஆனாலும் சரி என்றேன். சம்பளம் கொடுப்பது கிட்டப்பார்வைதானே.

மெத்து லென்ஸ் பிறந்த கதை வேடிக்கையானது. 1961 கிறிஸ்துமஸ் நேரத்தில், பிராக் நகரில் ஓட்டோ விக்தெர்லே என்ற வேதியியல் விஞ்ஞானி, பிள்ளைகள் பூட்டி விளையாடுகிற இரும்புத் துண்டு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு சுழல் கருவி செய்து, தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிற பிளாஸ்டிக்கில் முதல் லென்ஸ்களை வார்த்தார். இப்போது என் கண்ணில் இருப்பதும் அந்த வழி வந்ததுதான். அகலம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அதில் வட்டத்துக்குள் வட்டமாகப் பவர் மாறுகிறது. எனக்குக் கொடுத்ததில் நடுவில் கிட்டத்துக்கான பவர், வெளியே போகப் போகத் தூரத்துக்கானது. கண்ணாடியில் மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் கிட்டம் என்று இடம் பிரித்துக்கொடுக்கிறார்கள். லென்சில் அந்தப் பிரிவினை கிடையாது. எதைப் பார்த்தாலும் தூரத்துப் பிம்பமும் கிட்டத்துப் பிம்பமும் சேர்ந்தேதான் கண்ணுக்குள் விழுகின்றன. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுவது மூளையின் பாடு. மீன் ஏலத்தில் பத்து பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது தனக்கு வேண்டிய விலையை மட்டும் காதில் வாங்குகிற ஏலக்காரர் மாதிரி, மூளையும் பழக வேண்டும். அதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சிலருக்குப் பழகாமலே போவதும் உண்டு.

ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிழல். கணக்குப் புத்தகத்தில் 3க்கும் 8க்கும் சண்டை. "ஒரு கண்ணை மூடி எது நல்லா தெரியுதுன்னு சோதிக்காதீங்க சார், ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் பழகணும். படிக்கும்போது நல்ல வெளிச்சம் வச்சுக்கோங்க" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். நிழல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒரு நாள் செல்போனில் வந்த குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு அப்படியே நிமிர்ந்து பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் படித்தேன். கையை நீட்டவில்லை, கண்ணாடியைத் தேடவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

குப்பத்துக் கரையில் கணக்கு வேறு மாதிரி வந்தது. உச்சி வெயிலில் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது லென்சின் நடுப்பகுதி வழியாகத்தான் வெளிச்சம் அதிகம் போகும். நடுப்பகுதி கிட்டத்துக்கானது. ஆகவே கடல் எந்த நேரத்தில் அதிகம் மின்னுகிறதோ, அந்த நேரத்தில்தான் தொடுவானம் எனக்குப் பிசிறடிக்கிறது. இருட்டினால் தலைகீழ். கண்பாவை விரிகிறது, தூரம் மேம்படுகிறது. ஆனால் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடுகிறது. கலங்கரை விளக்கம் திரும்பி இந்தப் பக்கம் ஒளி வீசும்போது, சின்ன வயதில் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போன கீற்று, இப்போது ஓரமெல்லாம் பஞ்சு பறக்க வருகிறது.

இத்தனைக்கும் இது குறை சொல்லத் தகுந்த பார்வையே இல்லை. பரிசோதனைப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரி வரைக்கும் படிக்கிறேன். வண்டி ஓட்டுகிறேன். போனது பலகையில் எழுதாத ஒரு வரி. அண்ணனும் நானும் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஒரு போட் புள்ளியாக வரும். முன்பெல்லாம் அது புள்ளியாக இருக்கும்போதே நான் சொல்லிவிடுவேன். முன்மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, அணியத்தில் நிற்கிறவர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறாரா, கொடி என்ன நிறம் என்றெல்லாம் பார்த்து யார் வீட்டுப் போட் என்று சொல்வதில் எனக்கும் அண்ணனுக்கும் போட்டியே நடக்கும். கடலுக்குப் போகாத எனக்குக் குப்பத்தில் இருந்த ஒரே மரியாதை அதுதான். இப்போது லென்சோடு உட்கார்ந்தால், "ஏதோ ஒரு போட் வருது" என்றுதான் சொல்ல முடிகிறது. அது கரை தொட்ட பிறகுதான் ஆள் தெரிகிறது.

கடலில் இறங்குவது என்றால் இன்னும் மோசம். லென்ஸ் போட்ட கண்ணில் கடல்தண்ணி, குழாய்த்தண்ணி எதுவும் படக்கூடாது. தண்ணீரில் இருக்கிற ஒருவகை அமீபா லென்சுக்கும் விழிக்கும் இடையில் தங்கிவிட்டால் பார்வைக்கே ஆபத்து. அண்ணனுக்கும் ஒரு ஜோடி வாங்கித் தரலாமா என்று கேட்டதற்கு, "கடல் தொழில்னா வேண்டவே வேண்டாம் சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் கடைக்காரப் பெண். கிட்டமும் தூரமும் சேர்ந்து தெரிய வேண்டிய தொழில்காரருக்குத்தான் இந்த லென்ஸ் ஆகாது.

என் கண்ணிலிருந்து போனதை மட்டும் நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தூரப்பார்வைக்குக் குப்பத்திலேயே இப்போது அவ்வளவு வேலையில்லை. அண்ணன் போட்டில் ஜி.பி.எஸ். இருக்கிறது. நைனா கோபுரத்தையும் மலையையும் ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்த பார், இப்போது அதில் ஒரு எண். எண்ணை வாசிக்கக் கிட்டப்பார்வைதான் வேண்டும். லூப் ரோட்டில் வெயிலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த அக்காமார் 2024 ஆகஸ்டில் திறந்த மாநகராட்சி மீன் அங்காடிக்குள் போய்விட்டார்கள், 366 கடைகள். ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது சாந்தோம் பக்கம் திரும்புகிற காரைப் பார்த்தே இது வஞ்சிரம் கேட்கிற வீடா, சங்கரா கேட்கிற வீடா என்று சொல்வார்கள். இப்போது கடை முன்னால் ஆள் வந்து நின்ற பிறகுதான் பேச்சு. பணம் வந்ததா என்று போனைப் பார்க்கவும் வேண்டாம். ஒரு சின்னப் பெட்டி இத்தனை ரூபாய் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் கூரை வந்ததை யார் வேண்டாம் என்பார்? ஆனால் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, கண் கெட்டவர்களுக்கு மட்டுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். கரைக்குப் போகும்போது லென்ஸ் போடுவதில்லை. அண்ணன் ரெடிமேட் கண்ணாடியோடு வலையைப் பார்க்கிறார். அவருக்குக் கடல் தெரியாது. நான் வெறுங்கண்ணோடு கடலைப் பார்க்கிறேன். எனக்கு வலை தெரியாது. "யாருடா அது?" என்று அவர் கேட்க நான் சொல்கிறேன். "இது எந்தக் கண்ணிண்ணே?" என்று நான் கேட்க அவர் என் விரலைப் பிடித்து வைக்கிறார். நைனா ஒரே ஆளாகச் செய்த வேலைக்கு இப்போது இரண்டு பேர். திங்கட்கிழமை காலையில் மறுபடி லென்சைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன். எனக்கு அது ஒத்துக்கொண்டுவிட்டது. என் வேலைக்கு நல்ல பொருள் என்றும் சொல்வேன்.

இந்த ஏக்கமெல்லாம் லென்ஸ் வாங்க முடிந்தவனின் ஏக்கம். குப்பத்தில் நாற்பது தாண்டிய பெரும்பாலோருக்கு ரெடிமேட் கண்ணாடிதான் கதி, பலருக்கு அதுவும் இல்லை. கண்ணாடி போட்டால் கிழவியாகிவிட்டாள் என்பார்கள் என்று, தடவிப் பார்த்தே நெத்திலி ஆய்கிற பெண்களை எனக்குத் தெரியும். உலகத்தில் வெள்ளெழுத்துக்குச் சரியான கண்ணாடி கிடைக்காதவர்கள் 80 கோடிக்கு மேல் என்பது 2015ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கொழுந்து பறிப்பு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது என்று அந்த ஆய்வு 2018இல் வெளியானது. தேயிலைக் கொழுந்தை விடத் தங்கூசி முடிச்சு நுணுக்கமான வேலை.

ஆகவே கண் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குப்பத்துக்கு வரும்போது காலையில் வராதீர்கள்; அது மீன் விற்கிற நேரம். வலை கட்டுகிற சாயங்காலத்தில் வாருங்கள். கண்புரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாமல், நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டப்பார்வையும் பாருங்கள். எழுத்துப் பலகையோடு ஒரு துண்டு தங்கூசி வலையும் கையில் கொடுத்து, எந்தப் பவரில் கண்ணி தெரிகிறது என்று கேளுங்கள். எழுத்துப் படிக்காதவர்களும் அதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தால், வெயிலைக் குறை சொல்லாதீர்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இலிருந்து இருக்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனை அதுதான் என்கிறார்கள். நாற்பது வயதில் ஒரு நடை போய், பவரோடு சேர்த்துக் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடியா லென்சா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.